அடுத்த வருடம் இயந்திரம் வாங்குவீர்களா?

நௌசா ஊரில் யாரையாவது நிறுத்தி, தொழில் எப்படிப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். "ஏதோ மூச்சு விடுறோம்" என்பான். கொஞ்சம் வசதியுள்ளவன் என்றால் "செத்துக்கிட்டிருக்கோம்" என்பான். நன்றாக இருக்கிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் கண் பட்டுவிடும். கண்ணுக்குத் தப்பினால் வரி அலுவலகத்தின் காதில் விழுந்துவிடும். ஆகவே ஊரே காலையில் எழுந்து, காப்பிக் கடைக்குப் போய், ஒருவர் மாற்றி ஒருவர் ஒப்பாரி வைத்துவிட்டு, அப்புறம்தான் வேலைக்குப் போகும். தன் ஒப்பாரியில் பாதி பொய் என்று ஒவ்வொருவனுக்கும் தெரியும். அடுத்தவன் ஒப்பாரியை மட்டும் முழுசாக நம்பிவிடுவான். இந்தக் கூத்தை என்னவென்று சொல்ல!

ஊரில் உண்மை இருந்த ஒரே இடம் மினாஸின் தோல்பை. மினாஸ் புள்ளிவிவர அலுவலகத்து ஆள். ஐம்பத்துநான்கு வயது, வழுக்கை, லேசான கூன். வருடத்துக்கு இரண்டு முறை, வசந்தத்தில் ஒன்று இலையுதிர் காலத்தில் ஒன்று, வட்டாரத்துத் தொழிற்கூடங்களுக்கெல்லாம் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு நடப்பார். இந்த வருடம் இயந்திரம், கட்டடம், வண்டி ஏதாவது வாங்கினீர்களா? அடுத்த வருடம் வாங்குவீர்களா? இல்லையென்றால் எது தடுக்கிறது? இப்படிப் பதினொரு கேள்விகள். நிரப்பிய படிவங்கள் ஏதென்ஸுக்குப் போகும். நாடு முழுவதிலிருந்தும் வந்ததைச் சேர்த்து அங்கே ஒரு கோடு போடுவார்கள். தனியார் முதலாளிகள் இந்த நாட்டை நம்பி எவ்வளவு போடுகிறார்கள் என்று காட்டுகிற கோடு. மினாஸ் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது ஏறிக்கொண்டிருந்தது. பொருளாதார நெருக்கடி வந்ததும் சரிய ஆரம்பித்து, பாதிக்கும் கீழே இறங்கி, அங்கேயே படுத்துவிட்டது. ஒன்பது வருடமாக எழுந்திருக்கவில்லை. தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களுக்கு அது வெறும் கோடு. மினாஸுக்கோ அதன் ஒவ்வொரு இறக்கமும் தெரிந்த ஒரு முகம், தெரிந்த ஒரு வாசலில் தொங்கும் பூட்டு.

வேலையில் சேரும்போது அவர் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒரு முதலாளி சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. போலீஸிடமும் கூடாது, பெண்டாட்டியிடமும் கூடாது. இருபது வருடத்தில் மனுஷர் ஒரு சொல்லைக் கசியவிட்டதில்லை. காப்பிக் கடையில் ஒப்பாரி வைக்கிறவர்கள் அவரிடம் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளதைச் சொன்னது அதனால்தான்.

அந்த வருடம் அக்டோபர் கடைசி வாரத்தில் அர்கிரிஸின் அட்டைப்பெட்டி ஆலைக்குப் போனார். மினாஸின் மனைவி டோம்னா அங்கேதான் பதினெட்டு வருடமாகப் பெட்டி ஒட்டும் இயந்திரத்தில் வேலை பார்க்கிறாள். அவளோடு சேர்த்து இருபத்துநான்கு பேர். டோம்னா தூரத்திலிருந்தே புருஷனைப் பார்த்து, "வந்துட்டாரு பாரு, உளவாளி" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிச் சிரித்தாள்.

"கதவைச் சாத்துப்பா" என்றார் அர்கிரிஸ். அறுபத்தொரு வயது மனிதர். பேச ஆரம்பிக்குமுன் மீசையைத் தடவிக்கொள்வார். அன்று மூன்று தடவை தடவினார்.

"இந்த வருஷம் ஏதாச்சும் வாங்கினீங்களாண்ணே?"

"ஒரு திருகாணி கூட வாங்கல."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷமே கிடையாது. விக்கிறேன்."

மினாஸின் பேனா அப்படியே நின்றுவிட்டது.

"பல்கேரியாக்காரன் ஒருத்தன் கேக்குறான். மிஷினெல்லாம் கழட்டி ஏத்திக்கிட்டுப் போயிடுவான். நவம்பர் பதிமூணு, திங்கக்கிழமை கையெழுத்து."

"எதுக்குண்ணே இப்படி?"

"வச்சுக்கிட்டு என்ன பண்ண? என் பொட்டியில பாதிய வாங்குறது பழ டப்பா ஆலை லாசரோஸ். அவன் கதைதான் தெரியுமே. தினம் காலையில எதிர்ல உக்காந்து அழுவுறான். என்மேல இருக்கிற பாசத்துல ஆர்டர் குடுத்துக்கிட்டு இருக்கான், பாவம். நான் மூடிட்டா அவனுக்கு அந்தச் சுமையாச்சும் குறையும்." குரலை இறக்கினார். "டோம்னாகிட்ட மூச்சு விட்டுடாத. நானே எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. அந்த இருபத்தி நாலு மூஞ்சியையும் எப்படிப் பாக்கிறது?"

இரண்டு நாள் கழித்து லாசரோஸின் ஆலை. பீச் பழத்தை வெட்டிப் பாகில் போட்டு டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். ஆலை முழுக்கச் சர்க்கரைப் பாகு வாடை. லாசரோஸ் குள்ளம், குரல் மட்டும் ஆறடி. அவரும் கதவைச் சாத்தினார்.

"அடுத்த வருஷம் மிஷின் வாங்குவீங்களா?"

"ஆசையிருக்கு. ஜெர்மனிக்காரன் இரட்டிப்புச் சரக்கு கேக்குறான். புதுசா ஒரு லைன் போட்டா நாப்பது பேரைக் கூட வேலைக்கு வைக்கலாம்."

"அப்ப 'வாங்குவேன்'னு எழுதிக்கவா?"

"எழுதாத. வாங்க மாட்டேன்."

"எது தடுக்குது?"

"பொட்டி."

"பொட்டியா?"

"பின்ன, டப்பாவையெல்லாம் தலையில வச்சா ஜெர்மனிக்கு அனுப்புவேன்? இரட்டிப்புப் பொட்டி வேணும்னா அர்கிரிஸ் புது மிஷின் போடணும். அவன் இருக்கிற இருப்புக்கு நான் போய்க் கேக்கலாமா? கேட்டேன்னா வீட்ட வித்தாச்சும் வாங்கிடுவான், எனக்காக. என் மவளுக்கு ஞானத்தகப்பன்ப்பா அவன். அவன் தலையில கல்லத் தூக்கிப் போடச் சொல்றியா?"

"வேற ஊர்ல பொட்டி..."

"வேற ஊர்ல வாங்கினேன்னு தெரிஞ்சா அன்னிக்கே செத்துப் போவான். விடு. மாட்டேன்னு எழுது."

மினாஸ் எழுதினார். வெளியே வந்து ஆற்றுப் பாலத்தில் நின்றார். கரையில் அந்தக் காலத்து நூற்பாலைகள் கண்ணாடி உடைந்து மூடிக் கிடந்தன. பைக்குள் இரண்டு படிவங்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. இவருக்கு அவர் பாரமாகக் கூடாதாம், அவருக்கு இவர் பாரமாகக் கூடாதாம்! அடப் பாவிகளா, பாசத்தாலேயே ஒருவரை ஒருவர் கொன்று போடுவீர்கள் போலிருக்கிறதே என்று பாலத்தில் நின்று வாய்விட்டே திட்டினார்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். லாசரோஸுக்கு ஜெர்மனியிலிருந்து இரட்டிப்புக் கேட்கிறார்கள் என்று அர்கிரிஸின் காதில் போட்டால் தீர்ந்தது. ஆனால் அதைச் சொல்லிவிட்டால்? தன் வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்று ஊரார் ரகசியத்தை விற்றவன் என்று ஆகிவிடும். அதைவிடப் பெரிய பயமும் இருந்தது. ஒரு தடவை கசிந்தால் அப்புறம் எவனும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளதைச் சொல்ல மாட்டான். அவரிடமும் ஒப்பாரிதான் வைப்பான். ஏதென்ஸில் போடுகிற கோடும் ஒப்பாரியின் கோடாகிவிடும்.

அந்தப் பதினைந்து நாளும் மினாஸுக்குச் சோறு இறங்கவில்லை. டோம்னா வாரக் கடைசியில் தன் கிச்சன் அலமாரிக்குப் பச்சை வண்ணம் அடித்தாள். அடித்தபடியே, புது மேற்பார்வையாளர் வேலைக்குத் தன் பெயரைத்தான் அர்கிரிஸ் நினைத்திருப்பார் என்று பேசிக்கொண்டே போனாள்.

"என்ன, மூஞ்சி செத்துப்போச்சு? உன் கோடு மறுபடி விழுந்துடுச்சா?"

"இல்ல. சும்மா."

"சும்மா இருக்கிறவன் என் பீட்டாவத் தொடாம எழுந்திருக்க மாட்டான்." லீக்ஸ் வெங்காயத்தாளும் பாலாடைக்கட்டியும் வைத்து மாவை அடுக்கடுக்காகச் சுடுகிற பீட்டா அவளுடையது ஊரறிந்தது. அந்த வாரம் மூன்று முறை அது அப்படியே ஆறிப்போனது.

காப்பிக் கடையில் ஒரு நாள், முடிந்தவரை சுற்றி வளைத்து, "அர்கிரிஸண்ணே, லாசரோஸண்ணனோட ஒரு தடவை மனசு விட்டுப் பேசிப் பாருங்களேன்" என்று சொல்லிப் பார்த்தார்.

"தினம் பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார் அர்கிரிஸ். அந்த நேரம் பார்த்து லாசரோஸ் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எப்படிடா இருக்கே?"

"எங்க இருக்கேன். குழிதான் வெட்டணும். நீ?"

"எனக்கும் பக்கத்துலயே வெட்டச் சொல்லு."

இருவரும் காப்பியை உறிஞ்சினார்கள். அன்றைய மனசுவிட்ட பேச்சு அவ்வளவுதான்.

நவம்பர் பதினொன்று, சனிக்கிழமை. புனித மினாஸின் நாள், ஆகவே மினாஸின் பெயர்த் திருநாள். பெயர்த் திருநாளுக்கு யாரையும் அழைப்பது வழக்கமில்லை. வீட்டுக் கதவு திறந்திருக்கும். நினைவு வைத்திருக்கிறவர்கள் ஒரு பலகாரப் பெட்டியோடு வந்து, பல்லாண்டு வாழ்க என்று கன்னத்தில் முத்தமிட்டு, இரண்டு வாய் தின்றுவிட்டுப் போவார்கள். அர்கிரிஸும் லாசரோஸும் ஒரு வருடமும் தவறியதில்லை. வந்தால் அதே சோபா, அதே மூலை. மத்தியானம் வந்த கூட்டம் கலைந்து, வெயில் சாயும் நேரத்தில் இவர்கள் இருவர் மட்டும் சிப்புரோ சாராயக் குவளையோடு பாக்கி. மழை இல்லாத கதை, மருந்துவிலைக் கதை, சாவுக் கதை என்று ஒப்பாரி களை கட்டியிருந்தது.

நாளை ஞாயிறு. நாளை மறுநாள் கையெழுத்து. மினாஸ் எழுந்து போய் மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு படிவங்களை எடுத்து வந்தார். வெற்றுப் படிவங்கள். அவற்றில் ரகசியம் ஒன்றுமில்லை. அலுவலகத்தில் கேட்டால் எவனுக்கும் கொடுப்பார்கள்.

"இன்னிக்கு என் நாள். நான் கேக்கிறத நீங்க செஞ்சாகணும்."

"பாடச் சொல்லாத. அவன் பாடினா ஆடு மாடு மெரளும்" என்றார் லாசரோஸ்.

"பாட்டு இல்ல. நாப்பது வருஷ சிநேகிதம் உங்களுது. ஒருத்தர ஒருத்தர் எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்கன்னு பாப்போம். அர்கிரிஸண்ணே, இது லாசரோஸண்ணன் ஆலைக்கான படிவம். நீங்க நிரப்புங்க. லாசரோஸண்ணே, நீங்க இவருக்கு நிரப்புங்க."

"இதென்ன, பள்ளிக்கூடமா?"

"பயமா இருந்தா விட்டுடுங்க."

யாரைப் பார்த்து என்ன சொல்கிறான்! இருவரும் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்கள். காப்பியடிக்காமல் இருக்க லாசரோஸ் இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு எழுதினார். அர்கிரிஸ் ஒவ்வொரு பதிலுக்கும் மீசையைத் தடவினார். எழுதி முடித்துத் தாளை மாற்றிக்கொண்டார்கள்.

முதலில் வெடித்தது லாசரோஸ்.

"'அடுத்த வருடம் இயந்திரம் வாங்குவீர்களா? இல்லை. மூடிவிடுவார்.' யாருடா மூடப் போறது? என் ஆலையையா? எந்தக் கழுத சொன்னது?"

"நீதாண்டா சொன்னே! போன வாரம்கூடக் குழி வெட்டச் சொன்னே!"

"அது சும்மா சொல்றதுடா! கண்ணு படாம இருக்கச் சொல்றது! நீ இந்த ஊர்ல பொறந்தவன்தானே? இதுகூடவா தெரியாது? ஜெர்மனிக்காரன் இரட்டிப்பாக் கேட்டுத் தொண்டையப் புடிக்கிறான்டா என்னை!" சொன்ன அடுத்த நொடியே பயம் பிடித்துக்கொள்ள, திருஷ்டி கழியத் தன் சட்டைக்குள் தூ தூ தூ என்று மூன்று முறை துப்பிக்கொண்டார்.

அர்கிரிஸ் தன் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். லாசரோஸின் கோணல் எழுத்து. அடுத்த வருடம் இயந்திரம்: இல்லை. எது தடுக்கிறது: மனசு இருக்கிறது, வசதி இல்லை. இப்போதைய வேலையாட்கள்: 24. அடுத்த வருட வேலையாட்கள்: 24.

"டேய், இது என்னடா கணக்கு" என்றார். "மிஷினும் இல்ல, வசதியும் இல்லைன்னு எழுதிட்டு, ஆளு மட்டும் இருபத்தி நாலுன்னு போட்டிருக்கே."

"வேற என்ன போடுவாங்க? உன்னை எனக்குத் தெரியாதா? நீ பட்டினி கிடப்பியே தவிர ஒருத்தரக்கூட வெளிய அனுப்ப மாட்டே."

அர்கிரிஸ் கண்ணாடியைக் கழற்றினார். தாளை மடிமேல் வைத்தார். மீசையைத் தடவப் போன கை பாதியில் நின்றது.

"திங்கக்கிழமை விக்கிறேன்டா" என்றார். "எல்லாத்தையும். பல்கேரியாக்காரனுக்கு. இருபத்தி நாலு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டு."

கிச்சன் வாசலில் இனிப்புத் தட்டோடு டோம்னா நின்றிருந்தாள். அவள் தட்டைப் பக்கத்து நாற்காலிமேல் வைத்தாள். முதலில் அர்கிரிஸைப் பார்த்தாள். அப்புறம் மினாஸைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் மினாஸ் தரைவிரிப்பைப் பார்த்தார்.

"எதுக்குடா?" என்றார் லாசரோஸ், அவருடைய ஆறடிக் குரல் இப்போது அரையடிதான் இருந்தது.

"நீ மூடப் போறேன்னு நெனச்சேன். எனக்காகத்தான் ஆர்டர் குடுக்கிறேன்னு நெனச்சேன். உனக்குச் சுமையா இருக்க வேணாம்னு."

"உனக்குச் சுமையாயிடும்னுதாண்டா நான் பொட்டி கூடக் கேக்காம வாய மூடிக்கிட்டு இருந்தேன்! ஒரு வருஷமா ஜெர்மனிக்காரனுக்குச் சாக்கு சொல்லிக்கிட்டு இருக்கேன்டா நான்!"

அப்புறம் என்ன, கிழங்கள் இரண்டும் அழுதன. ஒன்பது வருடமாகத் தினம் அழுதவர்கள்தான். உண்மையாக அழுதது அன்றுதான். அழுது முடித்ததும் லாசரோஸ் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து கோட்டை மாட்டினார்.

"எழுந்திரு."

"எங்கடா?"

"உன் ஆலைக்கு. எவ்வளவு பெரிய மிஷின் வேணும், எங்க வைக்கலாம்னு இப்பவே அளந்துடுவோம். வங்கிக்காரன் இழுத்தடிப்பான். நான் உன்கிட்ட மூணு வருஷத்துக்குப் பொட்டி வாங்குறேன்னு கையெழுத்துப் போட்டுத் தர்றேன். அதக் கொண்டுபோய் அவன் மேசையில வை." வாசலில் நின்று திரும்பினார். "டோம்னா, அளவு நாடா இருக்கா?"

டோம்னா தையல் பெட்டியிலிருந்து நாடாவை எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள்.

"உனக்குத் தெரியும்."

மினாஸ் காலிக் குவளைகளை எடுத்து அடுக்கினார்.

"பதினஞ்சு நாளாத் தெரியும். நான் அலமாரிக்கு வண்ணம் அடிக்கிறப்பவும் தெரியும். மேற்பார்வையாளர் வேலையப் பத்திப் பினாத்தினேனே, அப்பவும் தெரியும்."

"டோம்னா..."

"திங்கக்கிழமை நான் வேலைக்குப் போய், கதவுல பூட்டைப் பாத்துட்டு நின்னிருந்தா? அதுக்கு முன்னாலயாச்சும் வாயத் தொறந்திருப்பியா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருப்பேன் என்று ஒரு வார்த்தை. மனுஷருக்கு வரவில்லை.

"மாட்டேன்" என்றார்.

அவள் கையிலிருந்த துணியைச் சோபாமேல் வீசிவிட்டு உள்ளே போனாள். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகும், சாப்பாட்டு மேசையில் அவர் தட்டில் நடுத்துண்டுதான் விழுந்தது. பீட்டாவின் நான்கு ஓரத்திலும் முறுகலாக வருகிற மூலைத் துண்டுகள் டோம்னாவுடையவை. கல்யாணமான நாளிலிருந்து அதில் ஒன்றை மட்டும் அவருக்கென்று கொடுத்துவந்தாள். அது நின்றுபோனது.

திங்கட்கிழமை வந்த பல்கேரியாக்காரர் காப்பி குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். வங்கி இழுத்தடிக்கத்தான் செய்தது, ஐந்து மாதம். பெட்டி மடித்து ஒட்டும் புது இயந்திரம் ஏப்ரலில் வந்து இறங்கியது. பாதிரியார் வந்து திருநீற்றுப்பச்சிலைக் கொத்தால் அதன்மேல் தீர்த்தம் தெளித்தார். கூடியிருந்தவர்கள் நடுவே லாசரோஸ் உரக்க, "என்ன கண்றாவி மிஷின் இது, தகர டப்பா மாதிரி" என்று சொல்லி அதன்மேலேயே மூன்று முறை துப்பினார். அர்கிரிஸுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுவாரம் வசந்தப் படிவத்தோடு மினாஸ் போனார். அர்கிரிஸ் கதவைச் சாத்தினார்.

"வாங்கினேன்னு எழுது. அடுத்த வருஷ ஆளுங்க முப்பத்தொண்ணு. மேற்பார்வைக்கு டோம்னா." மீசையைத் தடவினார். "அவகிட்ட இன்னும் சொல்லல. வெள்ளிக்கிழமை சொல்றேன்." பிறகு கதவைத் திறந்துவிட்டு, ஆலை முழுக்கக் கேட்கும்படி, "செத்துக்கிட்டிருக்கோம்னு எழுதிக்க மினாஸ்!" என்று கத்தினார்.

கோடை முடிகிற சமயம் ஏதென்ஸிலிருந்து புதுக் கோடு வரப்போகிறது. அது எழுந்திருக்குமா, தெரியாது. எழுந்தாலும் ஒரு பென்சில் முனை அளவுதான் எழும். அந்த முனையில் யார் யார் இருக்கிறார்கள் என்று மினாஸுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் டோம்னா சுடச்சுடப் பீட்டாவை மேசைமேல் வைத்தாள்.

"எங்க முதலாளி என்ன எழுதச் சொன்னாரு?"

மினாஸ் முள்கரண்டியை எடுத்தார். தட்டைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை.

டோம்னா இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கடிகாரத்தில் அரை நிமிடம் ஓடியது. பிறகு அவள் கத்தியை எடுத்து, நன்றாகச் சிவந்து முறுகியிருந்த மூலைத் துண்டை வெட்டி, அவர் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடு" என்றாள். "ஆறிடப் போகுது."